நான்கு பேர் சேர்ந்து ஒரு விமானம் வாங்கினால் செலவு எவ்வளவு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நான்கு நண்பர்கள் நாங்கள். ஒருவரிடம் தனியார் விமானி உரிமம் இருக்கிறது. இருவர் பயிற்சியில் இருக்கிறோம். நான்காமவர் உடன் பறக்க மட்டும் ஆசைப்படுகிறார். நான்கு இருக்கை கொண்ட பழைய செஸ்னா 172 ஒன்று விலைக்கு வருகிறது. சமமாகப் பணம் போட்டால் ஆளுக்கு ஒரு நல்ல காரின் விலைதான் ஆகிறது. வாங்கியபின் ஆண்டுதோறும் என்ன செலவு வரும்? நாங்கள் பறக்காத நாட்களில் வாடகைக்கு விட்டு அதை ஈடுகட்டலாமா?

பதில்: வாடகை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தனியார் பயன்பாட்டுக்கென்று பதிவான விமானத்தில் பணம் வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றிச் செல்ல முடியாது. அதற்கு நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் தனி இயக்க அனுமதி வேண்டும். பயிற்சிக்குக் கொடுப்பதென்றால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் வேண்டும். தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் ஓட்டுவதற்குக் கூலி வாங்கவும் கூடாது. இதை மீறிப் பறக்கும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். ஆகவே வருமானப் பத்தியில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.

செலவு மூன்று வகை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது ஒன்று. பறக்கும் மணிக்கு ஏற்ப வருவது இன்னொன்று. இப்போது கண்ணுக்குத் தெரியாமல், பல ஆண்டுகள் கழித்து மொத்தமாக வந்து நிற்பது மூன்றாவது. கூட்டாக வாங்குகிறவர்கள் இரண்டாவதை மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். கூட்டு உடைவது மூன்றாவதில்.

முதல் வகையில் நிறுத்துமிடம், காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை, ரேடியோ உரிமம் ஆகியவை வருகின்றன. பறப்புத் தகுதியைத் தொடர்ந்து கண்காணிக்கும் நிறுவனத்துக்குக் கட்டும் தொகையும், ஏ.ஆர்.சி. எனப்படும் மறு ஆய்வுச் சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவும் இதில் சேரும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூர் விமான நிலையம். பயணிகள் விமானங்கள் வந்து போகும் இடம் அது. சிறு விமானத்துக்குக் கூரை போட்ட ஹேங்கரில் இடம் கிடைக்குமா, என்ன கட்டணம், எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பராமரிப்புப் பொறியாளர் வெளியூரிலிருந்து வருவதாக இருந்தால் அவருடைய பயணச் செலவும் தங்கும் செலவும் உங்களுடையவை. பழுது பார்க்கும் இடத்துக்கு விமானத்தையே கொண்டுபோவதென்றால் போக வரப் பறக்கும் மணிகளும் செலவுதான்.

இரண்டாவது வகை எளிது. செஸ்னா 172 மணிக்குச் சுமார் 35 லிட்டர் எரிபொருள் குடிக்கும். அது குடிப்பது ஏவ்காஸ் 100 எல்.எல். எனப்படும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். அதற்கு ஆகாது. ஏவ்காஸ் நெடுங்காலம் இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது. ஆனாலும் எல்லா விமான நிலையத்திலும் அது கிடைத்துவிடாது. நீங்கள் நிறுத்தப்போகும் இடத்தில் கிடைக்கிறதா, பீப்பாயில் வரவழைக்க வேண்டுமா என்று கேளுங்கள். லிட்டர் விலையோடு கொண்டுவரும் கூலியும் சேர்ந்ததுதான் உங்கள் விலை. என்ஜின் எண்ணெயை, முழு ஓட்ட வடிகட்டி உள்ள என்ஜினில், 50 மணிக்கு ஒருமுறையோ நான்கு மாதத்துக்கு ஒருமுறையோ, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவை 500 மணிக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1968-க்குப் பின் வந்த செஸ்னா 172-களில் பெரும்பாலானவற்றில் லைகமிங் நிறுவனத்தின் என்ஜின் இருக்கிறது. அவற்றில் பரவலான ஓ-320 வகையை 2,000 மணி ஓடியதும் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது அந்த நிறுவனம். அத்தனை மணி ஓடாவிட்டாலும் 12 ஆண்டு ஆகிவிட்டால் செய்யச் சொல்கிறது. உங்களைப் போன்றவர்களைப் பாதிப்பது இந்த 12 ஆண்டுதான்.

ஒரு கணக்குப் போடுகிறேன். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்களுக்குக் கிடைக்கும் விலைப்புள்ளிகளை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். புதுப்பிக்க 30 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 2,000 மணியால் வகுத்தால் மணிக்கு 1,500 ரூபாய். தாங்கக்கூடியதாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஆண்டுக்கு 60 மணிதான் பறக்கிறீர்கள் என்றால் 12 ஆண்டில் 720 மணிதான் ஆகியிருக்கும். அப்போது அதே 30 லட்சம் மணிக்கு 4,100 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. மணிக்கு 1,500 என்று சேர்த்துவந்தவர்கள் கையில் 10 லட்சத்து 80 ஆயிரம்தான் இருக்கும். மீதி 19 லட்சத்தை யார் போடுவது? ஆகவே இந்த நிதியை மணிக்கணக்கில் சேர்க்காமல் மாதக்கணக்கில் சேருங்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம், ஆளுக்கு 62,500, மாதம் சுமார் 5,200 ரூபாய்.

நிலையான செலவுக்கும் இதே கதைதான். அது ஆண்டுக்கு 12 லட்சம் என்றால், 200 மணி பறக்கிறவர்களுக்கு மணிக்கு 6,000 ரூபாய். 60 மணி பறக்கிறவர்களுக்கு 20,000 ரூபாய். எரிபொருளை இன்னும் சேர்க்கவே இல்லை. இந்த மணிச் செலவைப் பயிற்சிப் பள்ளி உங்களிடம் ஒரு மணிக்கு வாங்கும் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குறைவாகப் பறந்தால் என்ஜின் தேயாமல் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உண்மை நேர்மாறானது. லைகமிங் என்ஜினில், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேல்பக்கம் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது தெறிக்கும் எண்ணெய்தான் அதற்குப் பூச்சு. நிறுத்திவிட்டால் எண்ணெய் மெல்ல வடிந்து கீழே போய்விடும். இரும்பு வெறுமையாக நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஈரக் காற்று வீசுகிற உங்கள் பக்கத்தில், மேகம் தாழ்ந்து வாரக்கணக்கில் பறக்க முடியாமல் போகும் காலத்தில், அந்த இரும்பில் துருப்பிடிக்கும். அடுத்த முறை இயக்கும்போது துரு சுரண்டி உலோகத் துகளாக எண்ணெயில் கலக்கும். 2,000 மணி ஓட வேண்டிய என்ஜினை அதற்கு வெகு முன்பே பிரிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. குறைந்தது 30 நாளுக்கு ஒருமுறை, எண்ணெய் நன்றாகச் சூடேறி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது லைகமிங்கின் அறிவுரை. தரையில் நிறுத்தியபடி பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைப்பது பயன்படாது. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். மழைக்காலம் முழுவதும் பறக்க முடியாதென்றால் என்ஜினுக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்துப் பூட்டிவைக்கும் முறை இருக்கிறது. அந்தச் செலவு வீண் அல்ல.

இனி ஒப்பந்தம். உங்கள் பக்கத்துக் கிழக்குச் சித்தூரில் பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணறுகளை நீங்கள் அறிவீர்கள். மோட்டார் எரிந்த நாளில் யாருடைய முறையோ அவர் தலையில் செலவைக் கட்ட முடியுமா? விமானத்திலும் அதையே முன்கூட்டி எழுதிவையுங்கள். நிலையான செலவும் புதுப்பிப்பு நிதியும் நால்வருக்கும் சமம், பறக்காதவருக்கும் சேர்த்து. எரிபொருள் பறந்தவருக்கு. தரையிறங்கும்போது சேதமானால், காப்பீட்டில் நாம் முதலில் ஏற்க வேண்டிய தொகை ஓட்டியவருக்கு. மூன்று மாதம் பணம் கட்டாதவர் பறக்கக் கூடாது. விலகுகிறவர் முதலில் மற்ற மூவரிடம்தான் பங்கை விற்க முன்வர வேண்டும். ஒருவர் இறந்தால் வாரிசுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். நண்பர்களிடையே இதைப் பேசத் தயங்குகிறோம், ஆனால் இதற்காகவே வழக்குமன்றம் போன குடும்பங்கள் உண்டு. பராமரிப்பு முடிவுகளுக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பொறியாளர் பறக்க வேண்டாம் என்று சொன்னால் வாக்கெடுப்புக்கே இடமில்லை என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

என் முடிவைக் கேட்டால், இப்போது வாங்காதீர்கள். நால்வரில் ஒருவர்தான் உரிமம் உள்ளவர். மற்ற இருவர் பயிற்சி முடிக்கும்வரை விமானத்தை உயிரோடு வைத்திருக்கும் மணிகள் கிடைக்காது. நான்காமவர் பறக்காமலே மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பார். இரண்டாம் ஆண்டில் முதலில் கோபப்படுவது அவராகத்தான் இருக்கும், அந்தக் கோபம் நியாயமானதாகவும் இருக்கும். இருவரும் உரிமம் பெறட்டும். மூவரும் ஓர் ஆண்டு வாடகை விமானத்தில் எத்தனை மணி பறக்கிறீர்கள் என்று பாருங்கள். மொத்தம் 120 மணிக்கு மேல் வந்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஆந்திராவின் குப்பம் என்ற ஊரில் வசிக்கிறேன், ஓசூரில் வேலை. வெளிநாட்டில் ஒரு செஸ்னா 172 மலிவாக வருகிறது. என்ஜின் 1,600 மணி ஓடியிருக்கிறது, இன்னும் 400 மணி இருக்கிறது என்கிறார்கள். மூவர் சேர்ந்து வாங்கலாம் என்று இருக்கிறோம்.

பதில்: மேலே சொன்ன 30 லட்சக் கணக்கில் பார்த்தால், விற்பவர் 24 லட்சம் ரூபாய் அளவுக்கு என்ஜினைத் தின்று முடித்துவிட்டார். அது உங்கள் கடனாக உங்களோடு வருகிறது. விலை அந்த அளவுக்குக் குறைந்திருந்தால்தான் மலிவு. கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு எது என்றும் கேளுங்கள். 12 ஆண்டைத் தாண்டியிருந்தால் அந்த 400 மணியை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

வரியையும் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இறக்குமதிக்கு டி.ஜி.சி.ஏ.வின் முன் அனுமதி வேண்டும். பழைய விமானத்துக்கு அது கிடைக்குமா என்று தெரியும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

வாங்குமுன் பரிசோதனைக்கு உங்கள் செலவில், விற்பவரோடு தொடர்பில்லாத பொறியாளரை அனுப்புங்கள். சிலிண்டர் அழுத்தச் சோதனையில் 80-க்கு 60-க்குக் கீழே வந்தால் அந்தச் சிலிண்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செஸ்னாவில் இருக்கைத் தண்டவாளம் தேய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். மேலெழும்பும்போது இருக்கை பின்னால் நழுவி விபத்துகள் நடந்ததால், அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க அமெரிக்க விமானத்துறை 1987-லேயே கட்டாய உத்தரவு போட்டது. இத்தகைய உத்தரவுகள் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் நிறைவேற்றப்பட்டன என்ற பட்டியலும், தொடக்கம் முதலான பதிவேடுகளும் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். பதிவேடு தொலைந்த விமானத்தை நாளைக்கு நீங்களும் விற்க முடியாது.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளமும் பராமரிப்புக் கூடமும் இருக்கின்றன. முதலில் அங்கே போய் இடமும் கட்டணமும் விசாரியுங்கள்.

கேள்வி: வண்டிப்பெரியாறில் இருக்கிறேன். இரண்டு பேர் அமரும் மைக்ரோலைட் என்ற எடை குறைந்த விமானம் என்றால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் போட்டே ஓட்டலாம், செலவே இல்லை என்கிறார்களே? சத்திரத்தில் ஓடுதளமும் இருக்கிறது.

பதில்: சத்திரம் ஓடுதளம் என்.சி.சி. மாணவர் பயிற்சிக்காகக் கட்டப்பட்டது. 2022 டிசம்பரில் அங்கே முதன்முதலாக இறங்கியதும் என்.சி.சி.யின் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற சிறு விமானம்தான். அதை உங்கள் நிறுத்துமிடமாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பெட்ரோல் விஷயம் பாதி உண்மை. இத்தகைய விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 என்ஜின் கார் பெட்ரோலை ஏற்கும். ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்கிறது தயாரிப்பு நிறுவனம். நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் கலந்தது. அதை ஊற்றினால் குழாய்களுக்கும் கார்புரேட்டருக்கும் ஆபத்து, மேலே இருக்கும் இருவருக்கும் ஆபத்து. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்பதும் அந்த என்ஜினின் விதி. செலவு செஸ்னாவைவிடக் குறைவுதான், இல்லாமல் இல்லை. மைக்ரோலைட்டுக்கும் பதிவும் டி.ஜி.சி.ஏ. அனுமதியும் காப்பீடும் உண்டு.

கேள்வி: பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். நண்பர் தன் கால் பங்கை எனக்கு விற்கிறார். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: புதுப்பிப்பு நிதியின் வங்கிக் கணக்கறிக்கையை முதலில் கேளுங்கள். நிதி காலியாக இருந்தால் பங்கின் விலையில் அதைக் கழியுங்கள். பதிவுச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறுமா, அல்லது நால்வரும் ஒரு நிறுவனத்தின் பங்குதாரர்களா என்பதைத் தணிக்கையாளரிடம் காட்டுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் விமானியாக உங்கள் பெயரைச் சேர்க்க எத்தனை மணி அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களிடம் அத்தனை மணி இல்லையென்றால், அது சேரும்வரை நீங்கள் பயணியாகத்தான் உட்கார முடியும், மாதப் பணம் மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும்.