இறுதிப் போட்டி டிரா, ஆனாலும் வெர்டி ஜே1-க்குப் போனது எப்படி?

கேள்வி: ஜப்பான் கால்பந்தின் இரண்டாம் டிவிஷனான ஜே2 லீக்கின் 2023 பிளே-ஆஃப் இறுதிப் போட்டியைக் காணொளியில் பார்த்தேன். டோக்கியோ வெர்டி 1, ஷிமிசு எஸ்-பல்ஸ் 1. கூடுதல் நேரமும் இல்லை, பெனால்டி ஷூட்-அவுட்டும் இல்லை. விசில் ஊதியதும் வெர்டி வீரர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அந்த சீசன் முழுவதும் வெர்டியைவிட 21 கோல் அதிகம் அடித்த அணி ஷிமிசு. இது என்ன விதி? இனி ஒரு சீசனைத் தொடர்ந்து பார்க்கப் புள்ளிப் பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விதி எளிமையானது. ஜே2-வில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் நேராக முதல் டிவிஷனான ஜே1-க்குப் போகும். 3 முதல் 6 வரையிலான நான்கு அணிகள் மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்காக மோதும். 3-ஆம் அணிக்கு எதிரி 6, 4-க்கு எதிரி 5. ஆட்டம் 90 நிமிடம்தான். டிரா ஆனால், பட்டியலில் மேலே முடித்த அணிக்கே வெற்றி. வெர்டி 3-ஆவது, ஷிமிசு 4-ஆவது. அதனால் 1-1 வெர்டிக்குப் போதுமானதாக இருந்தது. ஷிமிசுவும் இதே விதியின் பலனை அனுபவித்துத்தான் இறுதிக்கு வந்தது: அரையிறுதியில் மொன்டெடியோ யமகதாவோடு 0-0.

மாதக்கணக்கில் சேர்த்த புள்ளிகளுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்பதே இதன் அடிப்படை. என் கருத்தில் இது நியாயமான விதி. நாணயம் சுண்டுவதைப் போன்ற ஷூட்-அவுட்டைவிட, 42 ஆட்டங்களின் கணக்கு நம்பகமானது.

இனி ஷிமிசுவின் கணக்கைப் பாருங்கள், பட்டியலை எப்படிப் படிப்பது என்பது அதிலேயே இருக்கிறது. 2023-இல் 22 அணிகள், ஆளுக்கு 42 ஆட்டம். மச்சிதா ஸெல்வியா 87 புள்ளிகளோடு முதலிடம். அடுத்து ஜுபிலோ இவாதா 75, வெர்டி 75, ஷிமிசு 74. கோல் வித்தியாசம் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) இவாதாவுக்கு +30, வெர்டிக்கு +26, ஷிமிசுவுக்கு +44. ஆனால் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பது புள்ளிகள் சமமானால் மட்டுமே. இவாதா வெர்டியை முந்தி நேரடியாக ஜே1-க்குப் போக அது உதவியது. ஒரு புள்ளி பின்தங்கிய ஷிமிசுவுக்கு +44 எதற்கும் பயன்படவில்லை. இவாகியை 9-1 என்று நொறுக்கிய நாளிலும் அதற்குக் கிடைத்தது 3 புள்ளிதான்.

புள்ளிகள் எங்கே போயின? ஷிமிசு தோற்றது 8 முறை மட்டுமே. இவாதாவும் வெர்டியும் தலா 9. ஆனால் ஷிமிசுவின் டிராக்கள் 14, மற்ற இருவருக்கும் 12. சீசனின் முதல் 7 ஆட்டங்களில் அது ஒன்றுகூட ஜெயிக்கவில்லை: 5 டிரா, 2 தோல்வி. கடைசி நாளுக்கு 73 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் வந்தது. மிதோவில் ஜெயித்திருந்தால் நேரடி இடம் உறுதி. 1-1 என முடிந்தது. அதே நேரத்தில் இவாதா தொசிகியை 2-1 என்றும், வெர்டி ஒமியாவை 2-0 என்றும் வென்றன. ஒரே மாலையில் ஷிமிசு இரண்டிலிருந்து நான்குக்குச் சரிந்தது. மூன்றாவதாக முடித்திருந்தால்கூட, இறுதிப் போட்டியின் அதே 1-1 ஷிமிசுவை மேலே ஏற்றியிருக்கும். எனவே பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது டிரா கட்டம். தோல்வி குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆட்டத்தின் போக்கையும் இந்த விதியே தீர்மானிக்கிறது. கீழே முடித்த அணிக்கு 0-0 என்பது தோல்வி, 1-0 முன்னிலை என்பது நூலிழை. இறுதிப் போட்டியின் 63-ஆவது நிமிடத்தில் தியாகோ சான்டானா பெனால்டியில் ஷிமிசுவை முன்னிலைப்படுத்தினார். ஆனால் ஒரே ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போய்விடும் நிலை. இஞ்சுரி டைமின் 6-ஆவது நிமிடத்தில் (90+6) வெர்டியின் சோமெனோ இட்சுகி பெனால்டியை உள்ளே அடிக்க, 16 ஆண்டுக்குப் பின் வெர்டி முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் கீழ் இடத்து அணி இரண்டாவது கோலைத் தேட வேண்டும். பின்வாங்கித் தடுப்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

எதிர்த்திசையில் மறக்க முடியாத உதாரணம் 2014 அரையிறுதி. இவாதா 4-ஆவது, யமகதா 6-ஆவது. 1-1 என்ற நிலையில் இஞ்சுரி டைம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி கார்னருக்கு யமகதாவின் கோல்கீப்பர் யமகிஷி நொரிஹிரோவும் முன்னே ஓடி வந்தார். பந்தைத் தலையால் முட்டி கோலாக்கியவரும் அவர்தான். டிரா அவர்களுக்குத் தோல்வி என்பதால் கோல்கம்பத்தைக் காலியாக விட்டு வருவதில் இழக்க எதுவும் இல்லை. அடுத்து இறுதிப் போட்டியில் சிபாவை 1-0 என வென்று யமகதா மேலே போனது.

ஆறாம் இடம்வரை பார்த்தால் மட்டும் போதாது, உரிமத்தையும் பாருங்கள். ஜே1 உரிமம் இல்லாத கிளப் எந்த இடத்தில் முடித்தாலும் மேலே போக முடியாது. மைதானம், பயிற்சித் திடல், நிதிநிலை எல்லாவற்றையும் சோதித்துத்தான் உரிமம் தருவார்கள். 2014-இல் 5-ஆவதாக வந்த கிராவன்ஸ் கிதாகியூஷுவும், 2018-இல் 4-ஆவதாக வந்த மச்சிதாவும் இதனால் பிளே-ஆஃபில் ஆடவில்லை. ஏழாவது அணிக்கு அந்த இடம் கிடைக்காது. மூன்று அணிகளோடு பிளே-ஆஃப் நடக்கும், மூன்றாம் இடத்து அணி ஒரு சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். 2018-இல் வாசலில் நிறுத்தப்பட்ட அதே மச்சிதா, 2023-இல் சாம்பியன்.

புள்ளி இலக்கு வேண்டுமானால் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 2024 முதல் 20 அணி, 38 ஆட்டம் என்பதால் பழைய மொத்தங்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது. 2023-இல் இரண்டாம் இடம் 75, ஆட்டத்துக்குச் சுமார் 1.79. 2024-இல் யோகோஹாமா எஃப்சி 76, அதாவது சரியாக 2. அதே ஆண்டு ஆறாம் இடத்து செண்டாய் 64, சுமார் 1.68. எனவே 2-ஐத் தொட்டால் நேரடி இடம் அருகில், 1.7-ஐத் தொட்டால் பிளே-ஆஃப் அருகில் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே கடைசி மூன்று அணிகள் மூன்றாம் டிவிஷனான ஜே3-க்கு இறங்கும்.

மேல் இடம் ஒரு சலுகைதான், உத்தரவாதம் அல்ல. 2024 அரையிறுதிகளில் 5-ஆம் இடத்து ஒகயாமா யமகதாவை 3-0 என்றும், 6-ஆம் இடத்து செண்டாய் நாகசாகியை 4-1 என்றும் எதிரணி மைதானத்திலேயே வென்றன. இறுதியில் செண்டாயை 2-0 என வீழ்த்திய ஒகயாமா முதன்முறையாக ஜே1-க்குப் போனது.

பழைய சீசன்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2018, 2019, 2022-இல் பிளே-ஆஃபில் ஜெயித்த ஜே2 அணி, கடைசியாக ஜே1-இன் 16-ஆவது அணியையும் வெல்ல வேண்டியிருந்தது. அங்கே டிரா ஆனால் ஜே1 அணி தப்பிவிடும். 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான இடைக்காலத் தொடருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது: அதில் ஏற்றமும் இறக்கமும் இல்லை, டிராவுக்கு ஷூட்-அவுட் உண்டு. 2026 ஆகஸ்டில் தொடங்குவது புதிய நாட்காட்டி, நடுவில் குளிர்கால இடைவேளை.