வாசகர் கேள்வி: ராத்திரி ரயிலுக்குக் கட்டுச்சோறு

கேள்வி: ராமேஸ்வரம் ரயில் நிலையம் பக்கம் குடும்பமாக மெஸ் நடத்துகிறோம், மாடியில் நான்கு அறைகளும் உண்டு. 2022 டிசம்பரில் ரயில் நின்றபோது மூடியதை, 2025 ஏப்ரலில் பாம்பன் புது ரயில் பாலம் திறந்தபின் மறுபடி தொடங்கினோம். ராத்திரி ரயிலுக்குக் கட்டித்தரும் புளியோதரை, தயிர்சாதம் வழியிலேயே நசநசத்துப் புளித்துவிடுகிறது என்கிறார்கள். - வாசகி, ராமேஸ்வரம்

பதில்: சூட்டோடு கட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. டப்பாவைத் திறந்து மூடியின் உட்பக்கம் பாருங்கள், முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது சொட்டுகிற இடத்தில்தான் சோறு முதலில் கெடும். உதிரியாக வடித்த சோற்றை அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து, விசிறிக்கடியில் சீக்கிரம் ஆற்றுங்கள். குவியலாக விட்டால் நடுவில் சூடு தங்கி ஊசிப்போகும். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலில் தண்ணீர் சுண்டி எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். அதற்குமுன் இறக்கினால் ராத்திரி தாங்காது. 300 கிராம் வீதம் எட்டு, ஒன்பது பொட்டலம் தேறும். வாழையிலையைத் தணலில் வாட்டி, துடைத்துக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். தேங்காய்த் துவையல் வைக்கவே வேண்டாம், மோர்மிளகாய் போதும்.

தயிர்சாதத்துக்கு அரை கிலோ அரிசியைக் குழைய வேகவைத்து, கைபொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் காய்ச்சிய பாலும் இரண்டு மேசைக்கரண்டி தயிரும் விட்டுப் பிசையுங்கள். பயணத்தில் மெல்ல உறையும், புளிக்காது. வெங்காயம், வெள்ளரி போட்டால் நீர் விடும். எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள். சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் நம்மை நம்பித்தானே வாங்குகிறார்கள்!

கேள்வி: எங்கள் விடுதியில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. கீசரும் வருஷத்துக்கு ஒன்று போகிறது. - வாசகர், பாம்பன்

பதில்: இரண்டுக்கும் காரணம் கிணற்றுத் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இளகவிடாது. குடிதண்ணீரில் அரைமணி ஊறவைத்து, அதே தண்ணீரில் வேகவிடுங்கள். பருப்பு வெந்த பிறகே உப்பும் புளியும். கீசரில் அந்தச் சுண்ணாம்பு காயிலில் ஓடாகப் படியும், காயில் சூடேறிக் கருகும். ஆறு மாதத்துக்கொருமுறை திறந்து சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியம் தண்டு தொட்டியை அரிக்கவிடாமல் தானே கரைவது. மெலிந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். சூட்டை 55 டிகிரிக்கு மேல் வைத்தால் படிவு கூடும்.

கேள்வி: காலை ரயிலில் வருகிறவர்கள் முழுநாள் அறை வாடகைக்குத் தயங்குகிறார்களே? - வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஆறு மணி நேரக் கட்டணம் ஒன்று வையுங்கள். விடியலில் ராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம், பிறகு அக்னி தீர்த்தக் கடல், கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறு என ஆடி நனைந்து வருகிறவர்களுக்குத் துணி மாற்றவும் பெட்டி வைக்கவும்தான் இடம் வேண்டும். மொட்டைமாடியில் நைலான் கயிற்றுக்கொடி கட்டுங்கள், இரும்புக்கம்பி வேண்டாம். கடற்காற்றில் துருவேறி வேட்டியில் கறை பிடிக்கும்.