ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறினால்தான் உள்ளே போக முடிகிற மெரினாவுக்கு, அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைக்கு, முதல் முறையாகப் படகைக் கொண்டுபோகிறேன். உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பிப் போனால் போதாதா?

போதாது. உங்கள் படகு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறது என்று அந்த மூன்று மணி நேரத்தை எழுதியவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட மெரினாக்களின் வாசலுக்குக் குறுக்கே, தண்ணீருக்கு அடியில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். ஓதம் இறங்கினாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் வடிந்துவிடாமல் இருக்கத்தான் அது. அதன் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது மட்டும்தான் உங்கள் கணக்கு. ஓத அட்டவணையில் அந்த நேரத்துக்குப் போட்டிருக்கும் ஓத உயரத்திலிருந்து சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) அந்தச் சுவருக்குக் குறித்திருக்கும் உயரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதில் உங்கள் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) போக எவ்வளவு என்று பாருங்கள். அட்டவணையில் கோடைகால நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஒரு மணி நேரம் பிசகினால் மொத்தக் கணக்கும் போச்சு.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வாடகைப் படகில் போனோம், ஸ்டியரிங் என் கையில். படகின் ஆழம் 1.9 மீட்டர். அட்டவணைப்படி அந்த நேரத்து ஓதம் 4.6, சுவர் 2.2, ஆக அதன் மேல் 2.4 மீட்டர் தண்ணீர். அரை மீட்டர் மிச்சம், தாராளம் என்றுதான் படகில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அன்றைக்குக் காற்றழுத்தம் 1036 ஹெக்டோபாஸ்கல். அட்டவணை சராசரி அழுத்தத்துக்குப் போட்டது, அதாவது சுமார் 1013. அதற்கு மேல் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும், அதிலேயே 20 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. வாசலில் அரை மீட்டர் அலை வேறு. அலையின் பள்ளத்தில் படகு இறங்கும்போது இன்னொரு கால் மீட்டர் போகும். மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ரேடியோவில் கேட்டேன். "தண்ணி இருக்கு, வாங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். சுவரின் மேல் இப்போது எத்தனை மீட்டர் என்று திரும்பக் கேட்டதற்கு, "ஸ்கிப்பரைப் பேசச் சொல்லுங்கம்மா" என்கிறார், அதாவது படகின் தலைவரை. பேசிக்கொண்டிருப்பதே ஸ்கிப்பர்தான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: படகில் ஓர் ஆண் இருந்தால் கரையில் நின்று படகின் கயிற்றைப் பிடிக்கிறவர்கூட அவரைப் பார்த்துத்தான் பேசுவார், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார் என்று பார்ப்பதே இல்லை. இது மாறவே மாட்டேன் என்கிறது.

நான் உள்ளே போகவில்லை. வெளியே ஆழத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். அன்று ஓத வேறுபாடு 6 மீட்டர். ஆறு மணி நேர ஏற்றத்தில் மூன்றாவது, நான்காவது மணியில்தான் தண்ணீர் வேகமாக ஏறும், மணிக்குப் பன்னிரண்டில் மூன்று பங்கு, அதாவது ஒன்றரை மீட்டர். நாற்பது நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கிடைத்தது. வாசலில் இருக்கும் அளவுப் பலகையை பைனாகுலரில் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் படகை வாசலை நோக்கித் திருப்பினேன். பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஏறுகிற தண்ணீரில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் அதுவே தூக்கிவிடும், இறங்குகிற தண்ணீரில் அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்தால் படகு சாய்ந்து உடையும். அதனால் உயர் ஓதத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

இதே கேள்விக்கு இன்னொருவர் "மெதுவாகப் போனால் போதும்" என்று எழுதியிருக்கிறார். நீரோட்டம் வாசலுக்குக் குறுக்கே ஓடினால் அது ஆபத்தான யோசனை. வேகம் இல்லாவிட்டால் சுக்கானுக்குப் பிடிமானம் இருக்காது. வாசலுக்கு நேராக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகத் தெரிகிற இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றில் கிட்டே இருப்பது இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் அடித்துப் போகிறீர்கள், இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஜிபிஎஸ் காட்டாதா என்பீர்கள், காட்டும், ஆனால் அந்த நேரத்தில் கண் திரையில் இருக்கக்கூடாது. வாசலைத் தாண்டும்போது முன்பகுதி அமைதியான தண்ணீரில் இருக்கும், பின்பகுதியை இன்னும் நீரோட்டம் தள்ளும், படகு சட்டென்று திரும்பப் பார்க்கும். அது வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள், முழுப் படகும் உள்ளே வரும்வரை இன்ஜினைக் குறைக்காதீர்கள். வாசலில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால், தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் போகக்கூடாது.

வாடகைப் படகு என்றால் ஆழமானி எங்கிருந்து அளக்கிறது, கீலின் அடியிலிருந்தா, நீர்மட்டத்திலிருந்தா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நங்கூரம் போட்டிருந்தபோது கயிற்றில் கனம் கட்டி இறக்கி நாங்களே சரிபார்த்துக்கொண்டோம்.

அப்புறம், உள்ளே போனதும் மிதவை மேடையில் யாராவது உதவ ஓடி வந்தால் முன்கயிற்றை அவர் கையில் கொடுக்காதீர்கள். இழுத்துப் பிடித்துவிடுவார், பின்பகுதி வெளியே போய்ப் பக்கத்துப் படகில் இடிக்கும். படகின் நடுவிலிருந்து ஒரு கயிறு, அதை முதலில் கட்டச் சொல்லுங்கள்.