மேலிருந்து பார்த்தால் மேகம் ஏன் சாம்பல் நிறமாகிறது?

கேள்வி: விமானம் மேகங்களுக்கு மேலே பறக்கும் ஒரு குறும்படக் காட்சியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்கிறேன். கேமரா மேலிருந்து கீழே பார்க்கிறது. மேகங்கள் வெள்ளையாக வராமல் அழுக்குப் புகை மாதிரி தெரிகின்றன. காசு கொடுத்து வாங்கிய, ஏற்கெனவே செய்துவைத்த மேகக் கோப்புகளின் தொகுப்புதான். இன்னும் விலை கூடிய தொகுப்பை வாங்குவதா, இல்லை கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் மேகத்தின் உருவத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. வெளிச்சம் அதற்குள் போய்த் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

மேகத்தில் இருப்பவை பொடிப்பொடியான நீர்த்துளிகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை கிட்டத்தட்ட விழுங்குவதே இல்லை. ஒரு துளி அடுத்த துளிக்குத் தள்ளிவிடும், அது இன்னொன்றுக்கு. பருமனான மேகத்தில் இது நூறு தடவைக்கு மேலும் நடக்கும். மேலே இருந்து பார்ப்பவருக்குத் தெரியும் வெள்ளை, அப்படிச் சுற்றி அலைந்து வெளியே வந்த வெளிச்சம்.

இப்போது காட்சியைப் படமாகக் கணக்கிடும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் அமைப்பில் லைட் பாத்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றியிருக்காவிட்டால் வால்யூம் (புகை, மேகம் போல ஒளி ஊடுருவும் பொருள்) என்ற இடத்தில் 0 இருக்கும். அதாவது ஒளி ஒரே ஒரு தடவை சிதறியதோடு கணக்கு முடிந்தது. அப்புறம் மேகத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்ட் வால்யூம் ஷேடரின் நிறத்தைப் பாருங்கள். 0.5, நடுத்தரச் சாம்பல். ஒவ்வொரு சிதறலிலும் பாதி ஒளி போய்விடும். பத்துச் சிதறலுக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் பெரிது. புகைக்கு இது சரி. வேகத்துக்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் மேகம் செய்ய வருகிற புதியவர்கள் எல்லோரும் இதே பள்ளத்தில் விழும்போது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை போடக்கூடவா முடியாது?

நிறத்தை 0.99-க்கு மேல் வையுங்கள். வால்யூம் பவுன்ஸை, அதாவது முன்பு 0 என்று பார்த்த அந்தச் சிதறல் எண்ணை, 4, 16, 64 என்று ஏற்றி, சின்ன அளவில் ரெண்டர் செய்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே டோட்டல் என்ற மொத்த பவுன்ஸ் வரம்பு 12-இல் நிற்கும். அதையும் ஏற்றாவிட்டால் மற்றதை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை.

அளவையும் சரிபாருங்கள். நிஜக் குவிமேகத்தில் ஒளி சிதறாமல் போகும் தூரம் ஏறக்குறைய 10 முதல் 50 மீட்டர். மேகத்தை நிஜ அளவில் வைத்திருந்தால் டென்சிட்டி (அடர்த்தி) 0.02 முதல் 0.1 வரை போதும். அதை 1-இல் விட்டால் சுண்ணாம்புக் கட்டி போல விளிம்பு இறுகிவிடும். காட்சியை நூறில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தால் டென்சிட்டியை நூறால் பெருக்க வேண்டும். கற்றுத்தரும் காணொளிகளில் அனிசோட்ரோபியை (ஒளி எந்தப் பக்கம் அதிகம் சிதறும் என்ற அளவை) 0.8-க்கு மேல் வைக்கச் சொல்வார்கள். துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கி வீசுகின்றன என்பது உண்மைதான், ஆனால் உங்கள் காட்சியில் ஒளி திரும்பி மேலே வர வேண்டும்; அதற்கு ஏகப்பட்ட பவுன்ஸ் பிடிக்கும். அனிசோட்ரோபியை 0 ஆக்கி, டென்சிட்டியை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் குறைந்த பவுன்ஸிலேயே நெருக்கமான தோற்றம் கிடைக்கும். இடுக்குகளைச் செயற்கையாகக் கருப்பாக்கும் வித்தையும் வேண்டாம். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கும்போது மேகத்தின் இடுக்குகள் மெல்லிய விளிம்புகளைவிட வெளிச்சமாகவே இருக்கும்.

இனி தொகுப்பு விற்பவர்கள். இவர்களைப் பற்றித்தான் எனக்கு எரிச்சல். விளம்பரப் படம் முழுக்கத் தரையிலிருந்து எடுத்தது, அதுவும் நிறம் திருத்தியது. மேல்பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு படம் கூட இருக்காது. '8கே மேகம்' என்பார்கள். 8கே என்பது தட்டைப் படத்தின் அளவு. வால்யூம் கோப்புக்கு வாக்செல், அதாவது மேகத்தைக் கட்டும் குட்டிக் கனசதுரங்களின் எண்ணிக்கைதான் கணக்கு. வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோஸ் ஒரு பெரிய மேகத்தை ஓப்பன்விடிபி என்ற வால்யூம் கோப்பு வடிவில் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதைத் திருப்பிப் போட்டு, பெயர் மாற்றி விற்பவர்களும் உண்டு. விற்பனைத் தளங்களோ கோப்பு திறக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, மேகம் மேகமாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று கேளுங்கள்: தாழ்ந்த சூரியனில் மேலிருந்து எடுத்த, நிறம் திருத்தாத ரெண்டர்; வாக்செல் அளவு; உரிமம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கேமரா விண்வெளியில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மிக உயரமான இடிமேகத்தின் உச்சியே 20 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஒரு மீட்டர் ஆரத்தில் பூமி உருண்டை செய்தால் மேகத்தின் உச்சி மூன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குப் போய் வால்யூம் கட்டுவது வீண் வேலை. நாசா 2002-இல் வெளியிட்ட புளூ மார்பிள் என்ற பூமிப் படத் தொகுப்பில் மேகப் படமும் உண்டு. அதைச் சற்றே பெரிய இன்னோர் உருண்டையில் ஒட்டி, கீழே நிழல் விழ வைத்தால் போதும். இங்கேயும் ஒரு பழக்கம்: மேகத்தை மலை மாதிரி புடைக்க வைப்பார்கள். புடைப்பு கண்ணுக்குத் தெரிந்தாலே அது அதிகம். உங்கள் விமானம் 10 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கும், ஆகவே இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை.

கார்டு விஷயம். பவுன்ஸ் ஏறினால் நேரமும் இரைச்சல் புள்ளிகளும் கூடும். முதலில் அந்தப் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸரைப் போடுங்கள், தூரத்து மேகங்களுக்குக் குறைந்த வாக்செல் கோப்பைப் பயன்படுத்துங்கள். அதற்கப்புறமும் ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம் தாங்கவில்லை என்றால் கார்டை மாற்றலாம். அப்போதும் வேகத்தைவிட மெமரியைப் பார்த்து வாங்குங்கள். வால்யூம் கோப்பு கார்டின் மெமரியில் கொள்ளாவிட்டால் எந்த வேகமும் உதவாது.