ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும் முன்

கேள்வி: எங்கள் மாடி அறைக்கு 30 ஆண்டுகளுக்கு முன் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட இருக்கிறோம். ஷீட்டுகளைச் சுத்தியலால் உடைத்து இறக்கி, துண்டுகளை வாசல் பள்ளத்தில் கொட்டி மேடாக்கிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறாள். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: உடைக்கவே கூடாது. ஷீட் முழுதாக இருக்கும்வரை, அதிலுள்ள கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளைச் சிமெண்ட் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. அது உடையும்போதும், அறுபடும்போதும், துளையிடப்படும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் காற்றில் கலந்து நுரையீரலின் அடியாழம்வரை சென்று தங்கிவிடுகின்றன. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், இன்று தூசியைச் சுவாசித்தவருக்கு இன்று எந்தத் தொந்தரவும் தெரியாது. மேஸ்திரி தைரியமாகப் பேசுவதற்கு அதுவே காரணம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடைசெய்துள்ளன. இந்தியாவில் இந்த ஷீட் இன்றும் கடைகளில் தாராளமாகக் கிடைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேலை நடக்கும் நாளில் குழந்தையும் வேலையில் இல்லாத மற்றவர்களும் வேறு வீட்டில் இருக்கட்டும். காற்று பலமாக வீசாத நாளாகப் பார்த்து, சிறிது சோப்பு கலந்த நீரை மெல்லத் தெளித்து ஷீட்டின் இரு பக்கங்களையும் நனைத்துவிட்டு, ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக முழுசாக இறக்க வேண்டும். துருப்பிடித்துச் சுழலாத போல்ட்டைக் கீழ்ப்புறமிருந்து போல்ட் கட்டரால் நறுக்கலாம். ஷீட்டைக் கிரைண்டரால் அறுக்கக் கூடாது. பழைய ஷீட்டின் மேல் யாரும் கால் வைக்க வேண்டாம், அது சட்டென்று உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். சாரம் கட்டியே வேலை செய்யட்டும். துணி முகமூடியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் இந்த இழைகளைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் பி100 வகை வடிகட்டி முகமூடி தேவை. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு சேர்த்துவிடுங்கள். வேலையாட்கள் தூசி படிந்த உடையோடு வீடு திரும்பக் கூடாது. கணவரின் வேலை உடையைத் துவைத்தே மீசோதீலியோமாவுக்கு ஆளான பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

பள்ளத்தில் கொட்டினால், பின்னாளில் குழாய் பதிக்கத் தோண்டும்போது அதே தூசி மறுபடி கிளம்பும். ஷீட்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்று எழுதி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்கொட்டகைக்கு என்று யாராவது கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஷீட்டில் விரிசல் எதுவும் இல்லை, பாசிதான் படிந்திருக்கிறது. சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல நிலையில் உள்ள ஷீட்டை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், அழுத்தமான நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் மேற்பரப்பை அரித்து இழைகளை வெளியே கொண்டுவரும். உட்புறம் தூசி உதிர்கிறதென்றால் மட்டும், சுரண்டாமல் நனைத்துத் துடைத்து, காய்ந்தபின் பூச்சு அடியுங்கள். மின்விசிறிக்காக அதில் புதிதாக ஓட்டை போடாதீர்கள்.