கேவலமான கேம் வேற, ஏமாத்தின கேம் வேற

அண்ணா வணக்கம்,

உங்க 2023 வீடியோ கேம் பட்டியல் படிச்சேன், நல்ல கேம் ஒரு வரிசை, ஏமாத்தின கேம் ஒரு வரிசைன்னு. இவ்ளோ லேட்டாவாவது வந்துச்சேன்னு சந்தோஷம், ஆனா படிச்சு முடிக்கும்போது பாதி கோவம். நல்ல கேம் வரிசையில பால்டர்ஸ் கேட் 3 முதல் இடம், சரி, அதுல எனக்கு சண்டை இல்ல. ரெண்டாவது செல்டா டியர்ஸ் ஆஃப் த கிங்டம், மூணாவது சான்ட்ஸ் ஆஃப் சென்னார், அப்புறம் ஹை-ஃபை ரஷ், ஆலன் வேக் 2, கடைசியா வெண்பா. ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக் எங்க? ஸ்பைடர்மேன் 2 எங்க? ஏமாற்றத்துல ஸ்டார்ஃபீல்ட் முதல் இடமாம், அதுக்கு அப்புறம்தான் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, ரெட்ஃபால் எல்லாம். நான் ஸ்டார்ஃபீல்ட் நூறு மணி நேரத்துக்கு மேல ஆடினவன். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கொல்லம்னு ஒரு கேம் வந்துச்சே, அதை விடவா இது மோசம்? மனசாட்சியோட சொல்லுங்க. வெண்பா நம்ம ஆளுங்க கதை, அதை ஆறாவதுல போட எப்படி மனசு வந்துச்சு?

கடைசியா ஒண்ணு. பால்டர்ஸ் கேட் 3 வாங்கி ரொம்ப நாளாச்சு, டைஸ் உருட்டற கேம் நான் ஆடினதே இல்ல, கேரக்டர் உருவாக்கற ஸ்க்ரீன்லயே பயந்து மூடிடறேன். எப்படி ஆரம்பிக்கறது?

அன்புடன்,
ர.

*

தம்பி,

மனசாட்சியோடவே சொல்றேன், கொல்லத்தை விட ஸ்டார்ஃபீல்ட் ஆயிரம் மடங்கு நல்ல கேம். அதனாலதான் அது ஏமாற்றப் பட்டியல்ல முதல் இடம், கொல்லம் அதுல இல்லவே இல்ல. நான் போட்டது மோசமான கேம் பட்டியல் இல்லையே. கொல்லம் ட்ரெய்லர் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு இது தேறாதுன்னு, 2023 மே மாசம் வந்துச்சு, வந்த உடனே அதைச் செஞ்ச டெய்டாலிக் கம்பெனி மன்னிப்புக் கேட்டாங்க, கொஞ்ச நாள்ல சொந்தமா கேம் செய்யற பிரிவையே மூடிட்டாங்க. பாவம்னு தோணுச்சே ஒழிய எனக்கு ஒண்ணும் ஏமாற்றம் இல்ல, ஏன்னா நான் எதையும் எதிர்பார்க்கல. த டே பிஃபோர்னு வந்த இன்னொரு கேம் கதையும் அதேதான், டிசம்பர் 7 ரிலீஸ், 11ஆம் தேதி ஸ்டூடியோவை மூடறோம்னு அறிவிப்பு, அடுத்த மாசமே சர்வர் ஆஃப். ஆடறதுக்கே இல்லாத கேமை எந்த வரிசையில கொண்டுபோய் வைக்கறது?

விண்வெளியில சுத்தற ஸ்டார்ஃபீல்ட் அப்படியா? ஸ்கைரிம், ஃபால்அவுட் செஞ்ச பெதஸ்டா, 2015ல ஃபால்அவுட் 4 வந்ததுக்கு அப்புறம் தனியா உக்காந்து ஆடற பெரிய கேம்னு அவங்க கொண்டு வந்தது இதுதான், 2022 நவம்பர்னு சொல்லி தள்ளிப்போட்டு 2023 செப்டம்பர்ல இறக்கினாங்க, ஆயிரத்துக்கு மேல கிரகம்னு சொன்னாங்க. கிரகம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு கிரகத்துல இறங்கி ரொம்ப தூரம் நடந்து (வண்டி கிடையாது, அது 2024 ஆகஸ்ட்லதான் வந்துச்சு) ஒரு கைவிடப்பட்ட ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ள போனா, அது வேற ஒரு கிரகத்துல ஏற்கனவே பார்த்த அதே கூடம், அதே அறை, அதே மேஜை மேல அதே குறிப்பு, அதே மூலையில அதே பொணம். முதல் தடவை அந்தக் குறிப்பைப் படிக்கும்போது அங்க ஏதோ நடந்திருக்குன்னு மனசு பதறும், ரெண்டாவது தடவை அது வெறும் பர்னிச்சர். பெதஸ்டா கேம்ல எனக்குப் புடிச்சதே வழி தவறிப் போறதுதான், மெயின் வேலைக்குக் கிளம்பி நடுவுல ஒரு குகையைப் பார்த்து உள்ள போய் நாலு மணி நேரம் கழிச்சு வெளிய வர்றது. இங்க வழியே இல்லையே, மெனு திறந்து கிரகத்தைத் தொட்டா லோடிங் ஸ்க்ரீன், இறங்கினா லோடிங் ஸ்க்ரீன், கடைக்குள்ள போனா இன்னொண்ணு. வழி இல்லாத இடத்துல எப்படி வழி தவறறது?

நல்லதே இல்லையான்னா, இருக்கு. கப்பல் கட்டற பகுதி அருமை, என்டாங்கில்ட்னு ஒரு மிஷன், ஒரே ஆராய்ச்சிக் கூடத்தோட ரெண்டு நிலைக்கு நடுவுல மாறி மாறிப் போறது, அது பிரமாதம். இவ்வளவு செய்யத் தெரிஞ்சவங்க மிச்சத்தை இப்படி விட்டுட்டாங்களேங்கறதுதான் வலி. நூறு மணி நேரம் ஆடினேன்னு சொல்றீங்க, நானும்தான் ஆடினேன் தம்பி, புடிக்காத கேமை யாரு அவ்வளவு நேரம் ஆடுவா? ஏதோ ஒரு இடத்துல திறந்துக்கும் திறந்துக்கும்னுதானே ஆடினோம்.

இப்ப பொணத்தையே எடுத்துக்கலாம், ஏன்னா பால்டர்ஸ் கேட் 3 ஏன் முதல் இடம்னு அதை வச்சே சொல்லிடலாம். அதுல செத்தவங்களோட பேசற ஒரு மந்திரம் இருக்கு. நீங்களே ஒருத்தனைக் கொன்னுட்டு அவன் பொணத்துகிட்ட கேள்வி கேட்டா அது பதில் சொல்லாது, கொன்னவன்கிட்ட எதுக்குப் பேசணும்னு மூஞ்சியைத் திருப்பிக்கும். சரின்னு மாறுவேஷ மந்திரம் போட்டு வேற ஆள் மாதிரி போய் கேட்டா, பேசும்! இதை யாரும் நமக்கு சொல்லித் தரல, குவெஸ்ட் லிஸ்ட்ல இல்ல, ஆடறவன் எவனாவது இப்படிக் கோணலா யோசிப்பான்னு அதைச் செஞ்ச லாரியன் கம்பெனியில யாரோ முன்னாடியே உக்காந்து யோசிச்சு வச்சிருக்காங்க. கோப்ளின்னு சொல்ற குட்டிப் பூதங்க முகாம்ல மூணு தலைவங்களைத் தீர்க்கணும்னு ஒரு வேலை வரும், நேரா சண்டை போடலாம், அவங்க சரக்குல விஷம் கலக்கலாம், ஒருத்தனை சிலந்திக் குழிக்குள்ள தள்ளி விடலாம், இல்ல அவங்க பக்கமே சேர்ந்துடலாம். எனக்கு ஒரு கேம்ல முக்கியம் இது ஒண்ணுதான், எனக்குன்னு ஒரு கிறுக்கு யோசனை வந்தா கேம் அதுக்கு என்ன பதில் சொல்லுது? மேப் எவ்வளவு பெரிசு, முடியில எத்தனை இழை தெரியுதுங்கறதெல்லாம் அப்புறம். என் மொத்தப் பட்டியலும் இந்தக் கேள்வியை வச்சு போட்டதுதான், அதைப் புரிஞ்சுக்கிட்டா உங்க பாதிக் கோவம் போயிடும், மீதிப் பாதியை வச்சுக்கோங்க, தப்பில்ல.

குறை இல்லாத கேமான்னா இல்ல. முதல் ஆக்டை, அதாவது கதையோட முதல் பாகத்தை, 2020 அக்டோபர்ல இருந்தே எர்லி ஆக்சஸ்ல (முழுசா முடியறதுக்கு முன்னாடியே வித்து) விட்டு ஆடறவங்க கருத்தைக் கேட்டு கேட்டு இழைச்சிருக்காங்க, மூணாவது ஆக்டுக்கு அந்த பாக்கியம் கிடைக்கல, அது நல்லாத் தெரியும். ரிலீஸ் ஆனப்ப மூணாவது ஆக்ட் நடக்கற நகரத்துக்குள்ள போனா ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் ஓடுதுங்கற கணக்கு) விழுந்துச்சு, பக் இருந்துச்சு, முடிவு சட்டுனு முடிஞ்சுபோச்சு, கடைசியில எல்லாரும் கூடிப் பேசற அந்தப் பகுதியையே நவம்பர் கடைசியில அப்டேட்ல சேர்த்தாங்க. நான் லேட்டா பட்டியல் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம், டிசம்பர்ல போடற பட்டியல் பாதி நேரம் ரிலீஸ் வார சூட்டைத்தான் அளக்குது.

செல்டா ரெண்டாவதுன்னதுக்கு நீங்க ஒண்ணும் பெரிசா கேக்கல, ஆனா வேற நிறைய பேர் கேட்டாங்க. அதுலயும் இதே குணம்தான், இன்னும் சொன்னா கையால தொடற அளவுல. ரெண்டு பலகையை ஒட்டினா ஒட்டும், சக்கரம் மாட்டினா ஓடும், வானத்துல இருந்து விழுந்த பாறைக்கு நேரத்தைப் பின்னாடி ஓட்டிட்டு அது மேலேயே ஏறி மேல போகலாம். கூரையைத் துளைச்சு மேல வர்ற திறமை இருக்கே, அது முதல்ல டெவலப்பருங்க டெஸ்ட் பண்றதுக்காக வச்சிருந்த குறுக்கு வழியாம், நல்லா இருக்கேன்னு கேம்லயே விட்டுட்டாங்க. 2022 மார்ச்லயே கேம் கிட்டத்தட்ட முடிஞ்சு அதுக்கு மேல ஒரு வருஷம் சரிபார்க்கறதுக்கே ஆச்சுன்னு தயாரிப்பாளர் அவோனுமா சொன்னார், 2017ல வந்த ஸ்விட்ச்ல இவ்வளவு பௌதிகம் சிதறாம ஓடுதுன்னா அந்த வருஷம்தான் காரணம். ஆனா கதை? ஒவ்வொரு கோயில் முடிச்சதும் ஒரு முனிவர் வந்து அதே பழைய போர்க் கதையை கிட்டத்தட்ட அதே வசனத்துல சொல்றார், நாலு தடவை. நான் என்ன பண்ணினாலும் கதை கண்டுக்காது. அந்த ஒரு இடத்துலதான் பால்டர்ஸ் கேட் தாண்டிப் போயிடுச்சு.

சான்ட்ஸ் ஆஃப் சென்னார் மூணாவதுன்னு பார்த்து பலபேர் யாருடா இதுன்னு கேட்டாங்க. ஃபிரான்ஸ்ல ஒரு சின்ன டீம் செஞ்சது. ஒரு பெரிய கோபுரம், ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு கூட்டம், ஒரு கூட்டத்து மொழி இன்னொரு கூட்டத்துக்குத் தெரியாது, உங்களுக்கு எதுவுமே தெரியாது. சுவர்ல இருக்கற குறி, ஆளுங்க கை காட்டற விதம் இதை வச்சு அர்த்தம் ஊகிச்சு நோட்டுல எழுதணும். ஒவ்வொண்ணா சரி தப்புன்னு சொல்லாது, ஒரு பக்கத்துல இருக்கற எல்லாக் குறியும் சரியா வச்சாத்தான் உறுதி பண்ணும், அதனால தப்பான ஊகத்தோடயே ரொம்ப நேரம் அலைவீங்க, அந்தத் தப்பு ஒரு இடத்துல உடையும்போது வர்ற சந்தோஷம் இருக்கே! ஒளிஞ்சு ஒளிஞ்சு போற பகுதி மட்டும் சப்பை.

ஆலன் வேக் 2ல சாகாங்கற துப்பறியற நாயகிக்கு ஒரு துப்பறியும் பலகை இருக்கு, ஃபோட்டோ எல்லாம் ஒட்டி நூல் கட்டி பார்க்க ஜோரா இருக்கும், ஆனா நான் எதையும் கண்டுபிடிக்கல, சரியான ஃபோட்டோவை சரியான இடத்துல வைக்கற வரைக்கும் மாத்தி மாத்தி வச்சேன், அவ்வளவுதான். அந்தப் பாட்டு மேடை அத்தியாயம் மட்டும் இல்லைன்னா இன்னும் கீழ போயிருக்கும், அந்த மாதிரி ஒண்ணை நான் எந்த கேம்லயும் பார்த்ததில்ல.

ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக் நல்ல கேம், ரொம்ப நல்ல கேம், ஆனா 2005ல வந்த கேமுக்கு 2023ல எதுக்கு இடம், நான் ரீமேக்கை வரிசையில சேர்க்கறதே இல்ல. ஸ்பைடர்மேன் 2ல பறக்கறது சுகம், மத்தபடி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

ஹை-ஃபை ரஷ்ஷையும் ரெட்ஃபாலையும் சேர்த்தே சொல்லணும். முதலாவது ஜனவரி 25 அன்னிக்கு அறிவிச்சு அன்னிக்கே ரிலீஸ், ஒரு விளம்பரம் கிடையாது. அதுல மரம், விளக்கு, எதிரி, ஹீரோவோட நடை எல்லாமே பாட்டோட தாளத்துக்கு ஆடும், நீங்க தாளம் தப்பி பட்டனைத் தட்டினாலும் அடி தாளத்துலதான் விழும், அதனால சங்கீத ஞானம் இல்லாதவனுக்கும் தான் பெரிய வித்வான்னு நெனப்பு வந்துடும். செஞ்சவங்க டேங்கோ கேம்வொர்க்ஸ், அதுவரைக்கும் பேய்க் கேம் செஞ்சவங்க. ரெட்ஃபால் செஞ்சது அர்கேன் ஆஸ்டின், 2017ல ப்ரேன்னு ஒரு கேம் கொடுத்தவங்க, பூட்டின கதவைப் பார்த்தா சாவி தேடலாம், பசை துப்பாக்கியால சுவர்ல படி கட்டி மேல ஏறிப் போகலாம், ஒரு காபி கப்பா மாறி ஓட்டை வழியா உருண்டும் போகலாம்னு விட்டவங்க. அவங்க கையில இருந்து வந்தது சும்மா சுட்டுட்டே போற, அப்ப எப்பவும் ஆன்லைன்ல இருக்கணும்னு சொன்ன ஒரு வேம்பயர் கேம், எக்ஸ்பாக்ஸ்ல ரிலீஸ் அன்னிக்கு நொடிக்கு 30 ஃப்ரேம்தான், அப்ப எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சரே வருத்தம் தெரிவிச்சாரு. கொடுமை என்னன்னா 2024 மே மாசம் மைக்ரோசாஃப்ட் ஒரே நாள்ல இந்த ரெண்டு ஸ்டூடியோவையும் மூடறதா அறிவிச்சது. நல்லா செஞ்சவனுக்கும் அதே கதி, சொதப்பினவனுக்கும் அதே கதி. டேங்கோவை அப்புறம் கிராஃப்டன்னு ஒரு கொரிய கம்பெனி வாங்கிக் காப்பாத்துச்சு, ஆஸ்டினை யாரும் வாங்கல.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 பத்தி எல்லாரும் ஃப்ரேம் ரேட்டைத்தான் திட்டினாங்க, நியாயம்தான், ஆனா எனக்கு அது ரெண்டாம்பட்சம். நகரத்தை எவ்வளவு கேவலமா நிர்வாகம் பண்ணினாலும் அரசு மானியம்னு பணம் வந்துக்கிட்டே இருந்துச்சு, திவாலாகணும்னா தனியா முயற்சி பண்ணணும். நான் தப்பு செஞ்சா கேம் அதைக் கவனிக்கவே இல்லைன்னா நான் சரியா செஞ்சதுக்கும் அர்த்தம் இல்லையே? 2024 ஜூன்ல பொருளாதாரத்தையே மாத்தி அந்த மானியத்தைத் தூக்கினாங்க, அதுக்கு அப்புறம்தான் அது கேம் ஆச்சு.

வெண்பா. நம்ம ஆளுங்க கதைங்கறதுக்காக நான் ஒரு இடம் கூட ஏத்த மாட்டேன், அப்படி ஏத்தினா அதைச் செஞ்சவங்களுக்குத்தான் அசிங்கம். அது பாஃப்டாங்கற பிரிட்டிஷ் விருதுல அறிமுக கேம் விருது வாங்கினது யாரும் பாவம் பார்த்துக் கொடுத்ததில்ல. கனடாவுக்குப் போன குடும்பம், அம்மாவோட சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு மை கலைஞ்சு கெடக்கு, விட்டுப்போன படியை நாம ஊகிக்கணும், பையன் தள்ளித் தள்ளிப் போறான். எழுத்தும் இசையும் முதல் தரம். ஆனா புதிர் ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு விடைதான், தப்பா செஞ்சா திரும்ப செய்யச் சொல்லும், என் கைப்பக்குவத்துக்கு அங்க இடமே இல்ல. சமையலைப் பத்தின கேம்ல அது எனக்கு பெரிய குறை. ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ஆடுங்க, ஆடிட்டு சண்டைக்கு வாங்க.

இப்ப உங்க கடைசிக் கேள்வி. கேரக்டர் ஸ்க்ரீன்ல பயப்படவே வேணாம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்ல, முதல் ஆக்ட்லயே ஒரு கல்லறைக்குள்ள விதர்ஸ்னு ஒரு எலும்புக் கிழவன் கிடைப்பான், நூறு தங்கம் கொடுத்தா எத்தனை தடவை வேணாலும் கிளாஸ் (கேரக்டரோட தொழில்) மாத்திக் கொடுப்பான். பேச்சுல சமாளிக்கப் புடிக்கும்னா பார்ட்ங்கற பாட்டுக்காரனை எடுங்க, யோசிக்காம அடிக்கணும்னா ஃபைட்டர். டிஃபிகல்ட்டி நடுவுல இருக்கறதை வைங்க. டைஸ் தப்பா விழுந்தா உடனே பழைய சேவ் லோடு பண்ணாதீங்க, தோத்த உருட்டல்லதான் பாதி நல்ல சீன் இருக்கு, ரொம்ப முடியலைன்னா இன்ஸ்பிரேஷன் பாயின்ட் வச்சு திரும்ப உருட்டிக்கலாம். அடிக்கடி முகாம் போட்டுத் தூங்குங்க, கூட வர்றவங்க கதை எல்லாம் ராத்திரிதான் நடக்கும், தூங்காமலே ஓட்டினா பாதிக் கதை தவறிடும். மிருகங்களோட பேசற மருந்து கிடைச்சா சேர்த்து வைக்காம குடிச்சுடுங்க, அதுல நாய், அணில் எல்லாத்துக்கும் வசனம் இருக்கு. அப்புறம் காட்டுக்குள்ள ஒரு ஆந்தைக்கரடி குகை வரும், லெவல் மூணு ஆகாம உள்ள போகாதீங்க, போனாலும் குட்டியை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, பின்னாடி வேணும்.