ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை

வணக்கம் சகோ. பழைய இரட்டை ஜியான் (இன்டெலின் சர்வர் புராசஸர்) மதர்போர்டில் இ5-2600 வி2 வரிசை புராசஸர் இரண்டும் மாட்டினீர்கள், ஃபேன் சுற்றுகிறது, பீப் கூட இல்லை என்கிறீர்கள். போர்டு செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

என் சந்தேகம் பயாஸ் மேல்தான், அதாவது கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள் மேல். எல்ஜிஏ 2011 என்ற புராசஸர் சாக்கெட்டில் முதல் தலைமுறை இ5-2600 வந்தது 2012இல். அடுத்த தலைமுறையான வி2 வந்தது 2013இல். இரண்டும் ஒரே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் பயாஸ் பழையதாக இருந்தால் வி2வை அதற்கு அடையாளமே தெரியாது, இப்படித்தான் மௌனமாக நிற்கும். இ5-2609 மாதிரி முதல் தலைமுறை சிப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டு பயாஸை அப்டேட் செய்யுங்கள். சில போர்டுகளில் ஐபிஎம்ஐ (நெட்வொர்க் மூலம் சர்வரை நிர்வகிக்கும் வசதி) வழியாகவே முடியும், மேனுவலைப் பாருங்கள்.

செலவுக்கு முன் ஒன்று செய்யுங்கள். இரண்டாவது புராசஸரைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேமை (சர்வருக்கான ரேம்) முதல் புராசஸருக்குரிய முதல் ஸ்லாட்டில் போடுங்கள். எந்த ஸ்லாட் முதல் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். 8 பின் பவர் கேபிள் இரண்டையும் கொடுங்கள். மானிட்டரை போர்டிலேயே இருக்கும் விஜிஏவில் மாட்டுங்கள். அப்புறம் பொறுமை வேண்டும். சர்வர் போர்டு வீட்டு பிசி மாதிரி உடனே எழுந்திருக்காது, சில நிமிடம் விடுங்கள்.

புராசஸரைக் கழற்றும்போது சாக்கெட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த பின் இருந்தால், மேலே சொன்ன எதுவும் உதவாது.

போர்டின் மாடலையும் பயாஸ் சிப் ஸ்டிக்கரில் உள்ளதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.